சா என்று தொடங்கும் சொற்கள்

விஜயராணி வாயைத் திறந்தால் சாயாதான் வரும் என்று கல்லி முழுக்கத் தெரிந்துபோன மழைக்காலம் அது.

தாராவியில் அவர்கள் இருந்த கல்லி ஓர் ஒடுங்கிய சந்து. அதில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் யார் வீட்டுப் படியிலாவது ஏறி நின்று வழிவிட வேண்டும். மழைக்கும் அதே கதிதான். நேராக விழ இடமில்லாமல் தகரத்திலிருந்து தகரத்துக்குத் தாவி, கடைசியில் நீலத் தார்ப்பாயில் வந்து தேங்கும். தார்ப்பாய் நிறைமாத வயிறு மாதிரி கனத்துத் தொங்கும். யாராவது கம்பால் ஒரு குத்து விடுவார்கள். அந்த நேரத்தில் கீழே போகிறவருக்கு அன்றைக்கு இரண்டாம் குளியல்.

கல்லியின் நடுவில் விஜயராணியின் வீடு. ஒரே அறை, அதற்குள்ளேயே ஏணி வைத்து ஏறும் ஒரு பலகை மாடி. மேலே படுக்கை, கீழே முறுக்கு. நாங்குநேரிப் பக்கத்திலிருந்து வந்த அவளுக்கு அது முறுக்கு. வாங்கிப் போகும் குர்லா கடைக்காரர்களுக்குச் சக்லி. ஓமமும் வெள்ளை எள்ளும் வெண்ணெயும் சேர்ந்த மாவை அச்சில் திணித்துப் பிழிவது பக்கத்து வீட்டுக் கனகவள்ளி. கடாய்க்கு முன்னால் நின்று சுட்டெடுப்பது விஜயராணி. போட்டவுடன் எண்ணெய் ஊர்ச்சண்டை போல இரையும். பிறகு சன்னமாகும். பிறகு இரண்டு பேர் ரகசியம் பேசுகிற மாதிரி ஆகும். அப்போது எடுத்துவிட வேண்டும்.

மழைக்காலத்தில் முறுக்குக்கு எதிரி நமுப்பு. ஆறியதும் பாக்கெட்டில் போட்டு வாயை ஒட்டிவிட வேண்டும். கொஞ்சம் அசந்தால் காற்றிலிருக்கிற ஈரத்தையெல்லாம் குடித்துவிட்டுத் துணியாகத் துவண்டுவிடும். ஒட்டுகிற வேலைக்கு இப்போது வீட்டிலேயே ஆள் வந்திருந்தது. விஜயராணியின் புருஷன் முத்துசெல்வம். வருஷக்கணக்காகக் குடித்து, செம்பூரில் ஒரு குடிநோய் சிகிச்சை மையத்தில் தங்கித் தெளிந்து, ஆடி பிறந்த வாரத்தில் திரும்பியிருந்தான். வாசலில் சாரலுக்குக் கட்டிய பிளாஸ்டிக் ஷீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து, சூடான கம்பிமேல் பாக்கெட் வாயை வைத்து அழுத்தி, ‘ட்ஸ்’ என்ற சத்தம் கேட்டதும் எடுப்பான். அந்தச் சத்தம் அவனுக்குப் பிடித்திருந்தது. ஒவ்வொன்றையும் எடுத்துக் காதருகே ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் கூடையில் போடுவான்.

அவனைக் கூட்டிவரப் போன அன்று மையத்தில் நூர் நிஷா விஜயராணியைத் தனியாக உட்காரவைத்துப் பேசினாள். நூர் நிஷா அங்கே கவுன்சிலர். செம்பூரிலேயே பிறந்த சின்னப் பெண். தமிழ் பேசுவாள், படிக்க வராது. வராததைப் பற்றி அவளுக்கு வருத்தமும் கிடையாது.

“அக்கா, தாரு விட்டாச்சு, இனிமே டென்ஷன் இல்லன்னு நினைக்காதீங்க. குடிச்சிட்டிருந்தப்போ அவருக்கு ஒண்ணும் தெரியல. இப்ப தெளிஞ்சிருச்சு. பண்ணதெல்லாம் கண்ணு முன்னாடி வந்து நிக்கும். இந்த டைம்லதான் சில பேருக்கு இருக்கவே வேணாம்னு தோணும். அண்ணனும் இங்க ஒருநாள் அப்படிச் சொன்னாரு.”

விஜயராணியின் கை முந்தானையைத் தேடியது. “என்ன சொன்னாவ?”

“நான் இருந்து யாருக்கு என்ன ஃபாய்தா, என்ன லாபம்னு.”

“அவுக சும்மா சொல்லியிருப்பாவ.”

“சும்மா சொல்றதையும் கேட்டுக்கணும் அக்கா. மாத்திரைய உங்க கையில வச்சுக்குங்க. ரொம்ப நேரம் தனியா விடாதீங்க. புதன்கிழமை தவறாம இங்க அனுப்புங்க. அப்புறம் தினமும் ஒரு தடவை அவரைக் கேளுங்க. டைரக்டா கேளுங்க. சாகணும்னு தோணுதான்னு.”

“ஐயோ, வாயக் கழுவு புள்ள!”

நூர் நிஷா சிரித்துவிட்டாள். “எல்லாரும் இதான் சொல்றாங்க. கேட்டா எங்க அந்த நினைப்பு வந்துருமோன்னு பயம். கேக்கறதால வராது அக்கா. உள்ள இருந்தா வெளிய வரும். வெளிய வந்துட்டா நாம பாத்துக்கலாம். எங்க, என்கிட்ட ஒரு தடவை சொல்லிப் பாருங்க.”

விஜயராணி மேலே சுற்றும் விசிறியைப் பார்த்தாள். ஜன்னலுக்கு வெளியே நனைந்துகொண்டிருந்த மரத்தைப் பார்த்தாள். “சா...” என்றாள். அதற்கு மேல் வரவில்லை. “வீட்டுல போய்க் கேட்டுக்கிடுதேன்” என்று எழுந்துவிட்டாள்.

விளக்கு ஏற்றுகிற வீட்டில் அந்தச் சொல்லை யாரும் எடுப்பதில்லை. உண்மையிலேயே செத்துப்போனவரைக்கூட ‘தவறிட்டாவ’ என்றுதான் சொல்வார்கள். கட்டின புருஷனை எதிரில் உட்காரவைத்து, அந்தச் சொல்லை ஒரு கேள்வியாக்கி எப்படி நீட்டுவது?

மறுநாள் காலையில் முயன்று பார்த்தாள். அவன் பாக்கெட் ஒட்டிக்கொண்டிருந்தான்.

“என்னங்க.”

“ம்?”

“உங்களுக்கு... சா...”

அவன் நிமிர்ந்து பார்த்தான். பல வருஷம் கலங்கிச் சிவந்தே கிடந்த கண்கள். இப்போது கழுவி வெயிலில் கவிழ்த்த கண்ணாடி டம்ளர் மாதிரி இருந்தன. அதற்குள் அந்தச் சொல்லை ஊற்ற அவளுக்கு மனசு வரவில்லை.

“சா...யா போடட்டுமா?”

“போடேன்” என்றான் சந்தோஷமாக.

இப்படித்தான் ஆரம்பித்தது. ஒவ்வொரு நாளும் தைரியத்தைக் கூட்டிக்கொண்டு வருவாள். ‘சா’ வரைக்கும் வருவாள். அங்கிருந்து வழுக்கிச் சாயாவில் விழுவாள். சில நாள் சாப்பாட்டில். ஒரு ஞாயிற்றுக்கிழமை சால்னாவில் விழுந்து, பிறகு அதற்காகவே கோழி எடுத்து வரவேண்டியதாயிற்று. இன்னொரு நாள் சாத்துக்குடியில் முடிந்து, குடையைப் பிடித்துக்கொண்டு சயான் மார்க்கெட் வரை நடந்தாள். எல்லாவற்றையும்விடக் கிட்டே போனது ஒரு வெள்ளிக்கிழமை. கண்ணை மூடிக்கொண்டு, “சாவ...” என்று பாதிக் கிணறு தாண்டிவிட்டாள். திறந்து பார்த்தால் எதிரில் அவன் முகம்.

“சாவி எங்க?” என்றாள்.

“எந்தச் சாவி?”

“ஸ்கூட்டர் சாவி.”

அவன் மறுபேச்சில்லாமல், மெயின் ரோட்டோரம் நிற்கும் தன் பழைய ஸ்கூட்டரின் சாவியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான். அன்று முழுக்க அந்தச் சாவியை என்ன செய்வதென்று தெரியாமல் இடுப்பிலேயே செருகிவைத்திருந்து, சாயங்காலம் திருப்பிக் கொடுத்தாள்.

முத்துசெல்வம் வேறொன்று நினைத்துக்கொண்டான். மையத்தில்தான் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள், குடியை விட்டவனுக்கு ஓயாமல் தின்னக் கொடுக்க வேண்டும் போலிருக்கிறது என்று. பசியோ பசியில்லையோ, அவள் நீட்டுவதையெல்லாம் மருந்து மாதிரி வாங்கி விழுங்கினான். சட்டைப் பொத்தான்கள் ஒவ்வொன்றாக மறுப்புச் சொல்ல ஆரம்பித்தன. அவன் சாப்பிடுகிற அழகைப் பார்த்து, இப்படிச் சாப்பிடுகிற மனுஷனுக்கு வேறென்ன நினைப்பு இருந்துவிடப் போகிறது என்று அவள் தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள்.

கேட்க முடியாத சொல்லை வீட்டிலிருந்தே விரட்டிவிட்டால் என்ன என்று அவளுக்கு ஒரு யோசனை வந்தது. முதலில் மாட்டியவள் கனகவள்ளி.

“அந்தச் சவத்த இங்கிட்டு நவத்து மைனி” என்று அவள் மாவுச் சட்டியைக் காட்டினாள் ஒருநாள். அவளுக்கு எல்லாமே சவம்தான். வராத தண்ணீர் சவம், வந்த கரண்ட் பில் சவம், பாசம் மிகுந்தால் பெற்ற பிள்ளையும் சவம்.

விஜயராணி அவளை வெளியே இழுத்துப்போனாள். “கனகு, இனிமே நம்ம வீட்டுக்குள்ள சவம்ங்கப்பிடாது. செத்தேன், சாவடிக்கான், உயிர வாங்காத, ஒண்ணும் பேசப்பிடாது. அவுக காதுல விழக்கூடாது. டாக்டர் சொல்லிருக்காவ.” நூர் நிஷா சொன்னது நேர்மாறு என்பதைச் சொல்லவில்லை.

கனகவள்ளி மாவுக் கையை முந்தானையில் துடைத்தாள். “அப்போ நா பொறவு என்னத்தப் பேச?”

கிண்டல் இல்லை, உண்மையாகவே கேட்டாள். அவள் பேச்சில் பாதி போய்விட்டிருந்தது. அன்று முழுக்க ஊமை மாதிரி முறுக்குப் பிழிந்தாள். வாயை அடைத்ததில் கையும் மந்தமாகி, முறுக்குகள் கோணல் கோணலாக விழுந்தன. மறுநாள் முகம் மலர்ந்து வந்தாள்.

“மைனி, அந்தப் பூவ இங்கிட்டு நவத்து.”

“எந்தப் பூவு?”

“மாவுச் சட்டி, மைனி! சவம்ங்கக் கூடாதுன்னியல்லா, அதான் பூவுங்கேன்.”

ஒரு வாரத்தில் அது கல்லி முழுக்கப் பரவியது. குழாயடியில் “ஏ பூவே, கொடத்த எடுட்டி!” என்று கேட்டது. கரண்ட் போனால் “பூவு போயிட்டு” என்றார்கள். சாயங்காலம் மல்லிகைக் கூடையோடு ஆண்டாப் ஹில்லிலிருந்து வருகிற பொம்பளை கல்லி முனையில் நின்று “பூவு, பூவேய்” என்று குரல் கொடுக்க, கனகவள்ளி விசுக்கென்று எழுந்து, “யார மைனி ஏசுதா அவ?” என்று கேட்டாள். முத்துசெல்வம் பாக்கெட்டைக் கீழே போட்டுவிட்டு, தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தான். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனையோ காலம் ஆகியிருந்தது. விஜயராணி கடாயைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். ஓர் ஈடு முறுக்கு அன்றைக்குக் கருகியது.

மகள் பொன்செல்வி காலேஜ் விட்டு வந்ததும் பாக்கெட்டில் பேர் ஒட்டுவாள். அவள் வந்தால் வீட்டில் சத்தம் இரட்டிப்பாகும். பாதி தமிழ், பாதி ஹிந்தி, மீதி சிரிப்பு. கேக் கதையை அவள்தான் அடிக்கடி எடுப்பாள். பன்னிரண்டாவது பாஸ் செய்ததற்கு வீட்டில் கேக் வாங்கி நாற்காலியில் வைத்திருந்தார்கள். தள்ளாடி வந்த முத்துசெல்வம், “எம்மவளுக்கு ஒரு பேச்சு பேசணும்” என்று சொல்லிக்கொண்டே அதன்மேல் உட்கார்ந்துவிட்டான்.

“உக்காந்ததுகூடப் பரவால்ல. எந்திரிச்சு, யாருல இங்கன மெத்தை போட்டதுன்னு கேட்டாருல்ல, அதான் டாப்!” என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். கனகவள்ளி தரையைத் தட்டித் தட்டிச் சிரித்து, “செத்...” என்று ஆரம்பித்து, “பூத்தே போனேன் ஆத்தா” என்று முடிப்பாள். முத்துசெல்வமும் சிரிப்பான். ‘ட்ஸ்’ என்று ஒரு பாக்கெட்டை ஒட்டுவான். மறந்து, ஒட்டிய வாயையே இன்னொரு தடவை ஒட்டுவான்.

கணபதிப் பண்டிகை நெருங்கியது. ஆர்டர் கூடியது. ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் விஜயராணி வழக்கம்போல, “என்னங்க, சா...யா...” என்றாள்.

“வேணாம் ராணி.”

வந்ததிலிருந்து அவன் எதையும் வேண்டாம் என்று சொன்னதில்லை. ராணி என்று கூப்பிட்டதும் கல்யாணமான புதிதில்தான். அவன் முகம் மழை வெறித்த வானம் மாதிரி தெளிந்திருந்தது. சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, கரி ஏறிக்கிடந்த பழைய கடாயைக் குழாயடிக்கு எடுத்துப்போய்த் தேய்த்தான். இரும்பு நிறம் தெரியும்வரை தேய்த்தான். பிறகு கனகவள்ளி வீட்டு வாசலில் போய் நின்று, குடித்திருந்த காலத்தில் அவளுடைய தண்ணீர் டிரம்மை உதைத்து உடைத்ததற்காக மன்னிப்புக் கேட்டான்.

“அய்ய, என்னண்ணே இது, அந்தப் பூவு டிரம்முக்குப் போயி” என்று அவள் அழுதுவிட்டாள். அழுத கையோடு கருவாட்டுக் குழம்பு வைத்துக் கொண்டுவந்தாள். சாயங்காலம் முத்துசெல்வம் பொன்செல்வியிடம் ஸ்கூட்டர் சாவியைக் கொடுத்து, “இனிமே இது ஒனக்கு. நீயே வச்சுக்கோ” என்றான். அவள் போட்ட கத்தலில் எதிர்வீட்டுக் குழந்தை எழுந்து அழுதது. கருவாட்டுக் குழம்பும் சுடுசோறும் கேக் கதையுமாக வீடு நிறைந்திருந்தது. இன்றைக்குக் கேட்க வேண்டாம் என்று விஜயராணி நினைத்தாள். இப்படி ஒரு நாளில் போய் அதைக் கேட்பார்களா?

மறுநாள் புதன்கிழமை. நல்ல சட்டை போட்டு, குடை எடுத்து, “வாரேன்” என்று சொல்லிவிட்டு மையத்துக்குக் கிளம்பினான். மழை வலுத்துப் பெய்தது.

“ஆளே மாறிட்டாவ மைனி” என்று கனகவள்ளி அச்சில் மாவைத் திணித்தாள். “நீ குடுத்து வச்சவ.”

மூன்றாவது ஈடு எண்ணெயில் கிடக்கும்போது போன் அடித்தது. நூர் நிஷா.

“அக்கா, அண்ணன் இன்னும் வரல. போனும் எடுக்க மாட்டேங்கறாரு. கிளம்பிட்டாரா?”

“அப்பமே கெளம்பிட்டாவளே. மழைல்லா, பஸ் கெடச்சிருக்காது. நேத்து எம்புட்டு சந்தோசமா இருந்தாவ தெரியுமா புள்ள?” என்று கடாய் தேய்த்ததைச் சொன்னாள். மன்னிப்புக் கேட்டதைச் சொன்னாள். ஸ்கூட்டரை மகளுக்குக் கொடுத்ததைச் சொன்னாள். சொல்லச் சொல்ல அந்தப் பக்கத்தில் ‘ஆமாவா, ஆமாவா’ நின்றுபோனது.

“அக்கா, தினமும் கேட்டீங்கல்ல?”

“கேட்டேனே. ஒருநாள்கூட விடல.”

“என்னன்னு கேட்டீங்க?”

எண்ணெயில் கிடந்த முறுக்கு ரகசியம் பேச ஆரம்பித்திருந்தது.

“சாயா வேணுமான்னு” என்றாள் விஜயராணி.

நூர் நிஷா சிரிக்கவில்லை. “அக்கா, பயப்படாம கேளுங்க. சில பேருக்கு உள்ளுக்குள்ள ஒரு முடிவுக்கு வந்துட்டா மனசு லேசாயிரும். அண்ணனுக்கு அப்படி இல்லாமலும் இருக்கலாம். கேட்டாத்தான் தெரியும். இப்பவே போங்க. பாத்த உடனே கேளுங்க. நானும் அவர் போனுக்கு அடிச்சிட்டே இருக்கேன்.”

விஜயராணி செருப்பைத் தேடவில்லை. கையில் மாவும் எண்ணெயுமாக வாசலுக்குப் பாய்ந்தாள். கனகவள்ளியும் எழுந்துவிட்டாள். அடுப்பை அணைத்துவிட்டு, “நா பொன்செல்விக்குப் போன் போடுதேன், நீ ஓடு” என்றாள்.

கல்லியில் எதிரே வந்தவர்கள் எல்லாரும் படியேறி நின்று அவளுக்கு வழிவிட்டார்கள். மெயின் ரோட்டில் தண்ணீர் கணுக்கால் வரை ஓடிக்கொண்டிருந்தது. ரிக்‌ஷாக்கள் படகுமாதிரி மிதந்து போயின. அவள் எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் முதலில் பஸ் ஸ்டாப்பைப் பார்த்தாள்.

அங்கேதான் நின்றான். கூரைக்கடியில், ஜனத்துக்கு நடுவில், மடக்கிய குடையைக் கையில் பிடித்துக்கொண்டு. செம்பூர் வழியாகப் போகும் மான்குர்த் பஸ் ஒன்று நின்று கிளம்பியது. அவன் ஏறவில்லை. எதிர்ச்சாரியில் பாந்த்ரா பஸ் வந்தது. அதையும் பார்த்துக்கொண்டு நின்றான். சட்டைப் பையில் போன் வெளிச்சம் விட்டு விட்டு மின்னிக்கொண்டிருந்தது.

“என்னங்க!”

திரும்பினான். “ஏளா, நீ எங்க இங்கன? செருப்பு எங்க? கையெல்லாம் என்ன மாவு?”

அவளுக்கு மூச்சு வாங்கியது. கூரைத் தகரத்தில் மழை தடதடவென்று அடித்தது. “உங்களுக்கு... சா...” என்றாள்.

ஸ்டாப்பை ஒட்டிய டீ ஸ்டால்காரன், அந்த எழுத்தைக் கேட்டதும் பழக்கதோஷத்தில் அரை கிளாஸ் டீயை ஊற்றி நீட்டினான். “ஏக் கட்டிங், பாபி.”

“சாயா இல்ல!” என்று கத்தினாள் விஜயராணி. இவ்வளவு நாளும் வழுக்கிவிழுந்த இடத்தை இப்போது காலால் எத்தித் தள்ளின மாதிரி இருந்தது. மழைச் சத்தத்துக்கு மேலே கேட்க வேண்டுமே என்று இன்னும் குரலை உயர்த்தினாள். “சாயா கேக்கல! சாகணும்னு தோணுதா உங்களுக்கு?”

அதே நேரம் பார்த்து மழை ஒரு கணம் தணிந்தது. ஸ்டாப்பே திரும்பிப் பார்த்தது. தமிழ் தெரிந்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். தெரியாதவர்கள் தெரிந்தவர்களிடம் கேட்டார்கள்.

மீன் கூடையோடு நின்ற ஒரு பொம்பளை நிதானமாகச் சொன்னாள்: “யாருக்குத் தோணாது தாயி? இந்த பஸ்ஸுக்கு நின்னு பாரு.”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. முத்துசெல்வமும் சிரித்தான். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவன் முகம் கோணி, உதடு துடித்து, கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது.

“ஆமா” என்றான்.

விஜயராணி காத்திருந்தாள். இந்தப் பதிலைக் கேட்டால் பூமி பிளந்துவிடும் என்றுதான் இத்தனை நாளும் இருந்தாள். பூமி அப்படியே இருந்தது. டீக்காரன் கிளாஸை நீட்டியபடியே நின்றான். நாய் ஒன்று ஸ்டாப்புக்குள் வந்து உடம்பைச் சிலுப்பியது. புருஷன் எதிரிலேயே இருந்தான். சாயா குடித்த நாட்களைவிட இப்போதுதான் ரொம்பக் கிட்டத்தில் இருந்தான்.

“இப்பவுமா?”

“வெடியக்காலம் ரொம்ப இருந்துச்சு. இப்ப...” அவன் யோசித்தான். “நீ கத்தின பொறவு கொஞ்சம் கொறஞ்ச மாதிரி இருக்கு.”

“என்ன செய்யன்னு ஏதும் நெனச்சு வச்சிருக்கியளா? மறைக்காமச் சொல்லுங்க.”

“அதெல்லாம் இல்லட்டி. எங்கயாவது போயிரணும்னு மட்டும் இருந்துச்சு. எந்த பஸ்ல ஏறன்னுதான் தெரியல.”

“செம்பூர் பஸ்ல ஏறுவோம்” என்றாள். அவன் பையிலிருந்து போனை எடுத்து அழுத்திக் காதில் வைத்தாள். “நூர் நிஷா, கேட்டுட்டேன் புள்ள. ஆமான்னு சொல்லிட்டாவ. பக்கத்துலதான் நிக்கேன். நாங்க வாரோம்.” அவனிடம் போனைக் கொடுத்தாள். அவன் ‘ஆமாம்மா, இல்லம்மா, விடமாட்டா போலருக்கும்மா’ என்று பேசினான். பேசி முடித்ததும் பொன்செல்விக்கும் கனகவள்ளிக்கும் அதே போனில் அவளே சொன்னாள். டீக்காரன் ஊற்றியது வீணாக வேண்டாம் என்று அந்தக் கட்டிங் டீயை மீன்காரப் பொம்பளை வாங்கிக் குடித்தாள். பஸ் வந்தபோது அவள்தான் கூட்டத்தை முழங்கையால் விலக்கி, “புருஷன் பொஞ்சாதிக்கு எடம் விடுங்கப்பா, அவ்வோளுக்குப் பேச நெறைய கெடக்கு” என்று ஏற்றிவிட்டாள்.

பின்னால் ஒரு ஜன்னல் சீட் கிடைத்தது. கண்ணாடி மூடியும் உள்ளே சொட்டியது. பஸ் சயானைத் தாண்டியது. விஜயராணியின் கையில் மாவு காய்ந்து, விரல் மடக்கினால் வெடித்து உதிர்ந்தது. அவன் அந்த விரல்களை எடுத்து ஒவ்வொன்றாக உரித்துவிட்டான்.

“பொன்செல்வி அந்த கேக் கதையச் சொல்லுதால்லா” என்றான். “அவ சிரிச்சுக்கிட்டே சொல்லுதா. திட்டிச் சொன்னாக் கேட்டுக்கிடலாம். எப்பிடிச் சிரிக்க முடியுது அந்தப் புள்ளைக்கு? அதான் தாங்கல. நேத்து எல்லாரும் சந்தோசமா இருந்தியளா, நா இல்லாட்டியும் இப்பிடித்தான இருப்பிய, இதோட போயிட்டா நல்லதுன்னு ஒரு நெனப்பு.”

“கருவாட்டுக் குழம்பு அம்புட்டு நல்லா இருந்துச்சாக்கும், போயிரலாம்னு தோண?”

அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தான். “உப்புக் கூடுதல்.”

“அவகிட்ட சொல்லிராதிய. பொறவு உங்களப் பூவும்பா.”

கொஞ்ச தூரம் போனதும் அவனுக்கு ஒன்று உறைத்தது. நிமிர்ந்து உட்கார்ந்தான். “ஏளா, தெனமும் சாயா சாயான்னு வந்து நின்னியே, அது இதா?”

“இதுதான்.”

“சால்னா?”

“அதுவும்.”

“சாத்துக்குடி?”

“ஆமாங்கேன்.”

“சாவி?”

“அதுதான் ரொம்பக் கிட்ட வந்துது” என்று அவள் முகத்தை மூடிக்கொண்டாள்.

அவன் தொப்பையைத் தடவிப் பார்த்துக்கொண்டான். “அடப் பாவி. நா மருந்துன்னு நெனச்சு விழுங்கிக்கிட்டிருக்கேன். அந்த சால்னா அன்னைக்குத் தொண்ட வரைக்கும் நின்னுச்சு.” முன்சீட்டு மராட்டிக் கிழவர் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு இருவரும் சிரித்தார்கள். நிறுத்த முடியவில்லை. ஒருவர் அடங்கினால் மற்றவர் ‘சாத்துக்குடி’ என்பார். மறுபடி ஆரம்பிக்கும்.

சிரிப்பு ஓய்ந்தபோது பஸ் எங்கேயோ டிராஃபிக்கில் நின்றுகொண்டிருந்தது. கண்ணாடியில் நீர் கோடு கோடாக இறங்கியது. வெளியே சிவப்பும் பச்சையுமாக நகரம் கரைந்து தெரிந்தது.

“உனக்கு?” என்றான் முத்துசெல்வம்.

“எனக்கு என்ன?”

“உனக்கு எப்பவாவது தோணியிருக்கா?”

இந்தக் கேள்வியை அவளிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை. நூர் நிஷாகூடக் கேட்கவில்லை. கேட்கப்படாததால் அவளும் அதைப் போய்ப் பார்த்ததில்லை. இப்போது பார்த்தாள். அங்கே ஒரு நாள் இருந்தது.

“ஒரு தடவ” என்றாள். “நீங்க வீட்டுக்கே வராம எங்கயோ கெடந்தியளே, பொன்செல்வி பத்தாவது படிக்கப்போ. ஆஸ்பத்திரி, ஸ்டேஷன் எல்லாம் தேடிட்டு வந்து உக்காந்தேன். அப்ப.”

“பொறவு?”

“முறுக்குக்கு அரிசி ஊறப் போட்டிருந்தேன். எடுத்துக் காயவைக்காட்டி புளிச்சிரும்லா. எந்திரிச்சுக் காயவச்சேன்.”

அவன் அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். “நா ஒருநாளும் கேக்கலியே ராணி.”

“இப்பக் கேட்டியள்ளா.”

அப்புறம் அவள் சொல்ல ஆரம்பித்தாள். அந்த நாளின் வெயில், அரிசியைப் பரப்பிய வெள்ளைத் துணி, காக்கா விரட்ட உட்கார்ந்திருந்தது, மாடியில் மகள் பாடத்தைச் சத்தமாகப் படித்த குரல். அவன் கேட்டான். இடையில் ஒன்றிரண்டு கேள்வி கேட்டான். ஏறியவர்கள் இறங்கினார்கள், வேறு யாரோ ஏறினார்கள், சீட்டுகள் காலியாகிக்கொண்டு வந்தன. அவள் முடித்ததும் அவன் தன்னுடைய ஒரு நாளைச் சொன்னான். வெளியே மழை விட்டிருந்ததை இருவருமே கவனிக்கவில்லை.

பஸ் ஒரு பெருமூச்சு விட்டு நின்றது. விளக்கு அணைந்தது. கண்டக்டர் வந்து, லாஸ்ட் ஸ்டாப், உத்ரோ, இறங்குங்கள், எந்த ஊரில் இறங்க வேண்டியவர்கள் நீங்கள், டிக்கெட்டைக் காட்டு என்று மராட்டியிலும் ஹிந்தியிலும் மாறி மாறி ஏசினார். இருவரும் ஒன்றும் புரியாதவர்கள் மாதிரி இறங்கிச் சேற்றில் நின்றார்கள். ஈர வெயில் அடித்தது. அப்போது போன் வந்தது.

“எங்க இருக்கீங்க அக்கா? எப்பவோ வந்திருக்கணுமே! நான் கேட்லயே நிக்கறேன்.”

விஜயராணி சுற்றிலும் பார்த்தாள். “மான்குர்த்துல.”

“மான்குர்த்தா? அங்க ஏன் போனீங்க?”

முத்துசெல்வம் இன்னமும் கண்டக்டரிடம் மாட்டிக்கொண்டிருந்தான். திரும்பிப் போக எந்த பஸ் என்று கேட்டு, அதற்கும் திட்டு வாங்கி, இவளைப் பார்த்துக் கையை விரித்துச் சிரித்தான்.

“பேசிக்கிட்டே இருந்தோம் புள்ள” என்றாள் விஜயராணி. “எறங்க மறந்துட்டோம்.”